டெனோ இயக்கச்சூழலில் கோப்பு எழுதும் அனுமதியைக் கட்டுப்படுத்துதல்

டெனோ என்பது ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் எழுதிய நிரல்களை உலாவிக்கு வெளியே, நேரடியாகக் கணினியில் இயக்கும் இயக்கச்சூழல் ஆகும். இதில் இயங்கும் நிரல், பயனர் வெளிப்படையாக அனுமதி தராத வரை, எந்தக் கோப்பையும் உருவாக்கவோ திருத்தவோ அழிக்கவோ இயலாது. இந்த அனுமதியை முழுவதுமாகத் தராமல், தேவையான ஒரு கோப்புறைக்கு மட்டும் தருவது எப்படி என்பதையும், அந்தக் கட்டுப்பாடு எங்கே பயன்படாமல் போகும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

2009இல் நோட்.ஜேஎஸ் என்னும் இயக்கச்சூழலை உருவாக்கியவர் ரயன் டால். அதன் வடிவமைப்பில் தாம் வருந்தும் செய்திகளை 2018இல் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் பேசினார். பாதுகாப்பில் போதிய கவனம் செலுத்தாததும் அவற்றுள் ஒன்று. அதே உரையில்தான் டெனோவை அறிமுகப்படுத்தினார். 'நோட்' என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'டெனோ' கிடைக்கும். டெனோவின் முதல் நிலையான பதிப்பு 2020 மே மாதத்திலும், இரண்டாம் பதிப்பு 2024 அக்டோபரிலும் வெளிவந்தன.

ஏன் கட்டுப்பாடு தேவை?

இன்று ஒரு நிரலை யாரும் முழுவதுமாகத் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி இணையத்தில் வைத்த நிரல்தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறோம். அவை வேறு தொகுப்புகளைச் சார்ந்திருக்கும். நாம் பெயர்கூட அறியாத ஒரு தொகுப்பு, நம் கணினியில் நம்முடைய உரிமையோடு இயங்குகிறது.

2022 மார்ச்சில் இதற்கு ஒரு சான்று கிடைத்தது. நோட்-ஐபிசி என்ற, பலர் பயன்படுத்திய தொகுப்பின் சில பதிப்புகளில், ரஷ்யாவிலும் பெலாரஸிலும் உள்ள கணினிகளைக் கண்டறிந்து, அவற்றில் உள்ள கோப்புகளின் மேல் இதயக் குறியை எழுதி அழிக்கும் வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. சேர்த்தவர் வெளியாள் அல்லர், தொகுப்பைப் பராமரித்தவரே. எழுதும் அனுமதி ஒரு கோப்புறையோடு நின்றிருந்தால், இத்தகைய வரிகளால் அந்தக் கோப்புறையைத் தாண்டிச் சேதம் செய்ய முடியாது.

அனுமதி தரும் முறை

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'மதிப்பெண்' என்ற கோப்புறையில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் உள்ளன. அவற்றைப் படித்துக் கூட்டி, தரவரிசைப் பட்டியலை 'முடிவு' என்ற கோப்புறையில் எழுத ஒரு நிரல் உள்ளது. அதற்கான கட்டளை இது (கட்டளைகள் இங்கே ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன, கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்):

டெனோ ரன் --அலவ்-ரீட்=மதிப்பெண் --அலவ்-ரைட்=முடிவு பட்டியல்.ஜேஎஸ்

இதன்படி, நிரல் மதிப்பெண்களைப் படிக்கலாம், மாற்ற முடியாது. 'முடிவு' கோப்புறையிலும் அதன் உட்கோப்புறைகளிலும் மட்டும் எழுதலாம். நிரலில் பிழை இருந்தாலும் மூல மதிப்பெண்கள் அப்படியே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுமதி தர வேண்டுமானால், காற்புள்ளியிட்டு எழுதலாம்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சமக்குறியும் கோப்புறைப் பெயரும் இன்றி வெறும் 'அலவ்-ரைட்' என்று கொடுத்தால், கணினி முழுவதும் எழுத அனுமதி தந்ததாகப் பொருள்.

இரண்டாவது, அனுமதிக் குறிகள் நிரலின் பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் அவை நிரலுக்கு அனுப்பும் உள்ளீடாகவே கொள்ளப்படும், அனுமதியாக ஆகா.

மூன்றாவது, 'எழுதுதல்' என்பதில் அழித்தலும் அடங்கும். கோப்பை நீக்குவதற்கும் புதிய கோப்புறை உருவாக்குவதற்கும் இதே அனுமதிதான் தேவை. எனவே ஒரு கோப்புறைக்கு எழுதும் அனுமதி தரும்போது, அதில் உள்ளவை அனைத்தும் அழியலாம் என்பதை எண்ணிப் பார்த்தே தர வேண்டும்.

தடைக் குறி

அனுமதித்த கோப்புறைக்குள் ஒரு பகுதியை மட்டும் காக்க விரும்பினால், 2023இல் சேர்க்கப்பட்ட 'டினை-ரைட்' குறி உதவும். 'முடிவு' கோப்புறைக்கு அனுமதி தந்து, அதனுள் இருக்கும் 'சென்ற ஆண்டு' என்ற உட்கோப்புறைக்குத் தடை விதிக்கலாம். அனுமதியும் தடையும் மோதினால் தடையே வெல்லும்.

நிரல் இயங்கும்போது கேட்கும் கேள்வி

அனுமதி இல்லாத இடத்தில் நிரல் எழுத முயன்றால், டெனோ முனையத்தில் நிறுத்திப் பயனரிடம் கேட்கும். ஆங்கில 'ஒய்' ஒப்புதல், 'என்' மறுப்பு, பெரிய எழுத்து 'ஏ' தட்டினால் அந்த ஓட்டம் முழுவதற்கும் எல்லா இடங்களிலும் எழுத அனுமதி. அவசரத்தில் பெரிய 'ஏ' தட்டும் பழக்கம், கட்டுப்பாட்டையே பொருளற்றதாக்கிவிடும். பார்த்துக்கொள்ள ஆளின்றித் தானாக இயங்கும் நிரல்களுக்கு 'நோ-ப்ராம்ப்ட்' குறியைச் சேர்த்தால், டெனோ கேள்வி கேட்காமல் நேரே மறுத்துவிடும்.

கட்டுப்பாட்டின் எல்லைகள்

டெனோவின் அனுமதி, இயங்குதளத்தின் அனுமதிக்கு மேற்பட்டதன்று. பயனருக்கே எழுத உரிமையில்லாத கோப்பில், டெனோ அனுமதித்தாலும் நிரலால் எழுத இயலாது.

அனுமதி நிரல் முழுவதற்கும் பொதுவானது. நாம் எழுதிய வரிகளுக்கு ஒன்று, வெளியிலிருந்து சேர்த்த தொகுப்புக்கு வேறொன்று என்று கட்டளை வரியில் பிரித்துத் தர இயலாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, 'அலவ்-ரன்' குறி. இது வேறு நிரல்களைத் தொடங்க அனுமதிக்கிறது. அவ்வாறு தொடங்கப்பட்ட நிரல் டெனோவின் கட்டுப்பாட்டுக்குள் வராது; பயனரின் முழு உரிமையோடு இயங்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகிவிடும். எல்லா அனுமதிகளையும் ஒருசேரத் தரும் 'அலவ்-ஆல்' குறிக்கும் இது பொருந்தும்.

நோட்.ஜேஎஸில்

நோட்.ஜேஎஸும் 2023இல் வெளிவந்த 20ஆம் பதிப்பில் இதுபோன்ற அனுமதி முறையைச் சோதனை நிலையில் சேர்த்தது. ஆனால் அதில் பயனர் கேட்டால்தான் கட்டுப்பாடு நடைமுறைக்கு வரும். கேட்காவிட்டால் நிரல் எங்கும் எழுதலாம். நம்பத்தக்க நிரல் தவறுதலாகச் செய்வதைத் தடுக்கவே இம்முறை உதவும், தீய நோக்குள்ள நிரலைத் தடுக்கும் உறுதி இதற்கில்லை என்று அதன் ஆவணமே கூறுகிறது.

நடைமுறை

புதிய நிரலை முதலில் எந்த அனுமதியும் இன்றி இயக்கிப் பார்ப்பது நல்லது. டெனோ எதைக் கேட்கிறது என்பதைக் கொண்டே, நிரல் எங்கெல்லாம் எழுத முயல்கிறது என்பது தெரிந்துவிடும். மதிப்பெண் கூட்டும் நிரல் நம் புகைப்படக் கோப்புறையில் எழுத அனுமதி கேட்டால், மறுத்துவிட்டு, ஏன் கேட்கிறது என்று ஆராய வேண்டும். வெளியீட்டுக்கென்றே ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, அதற்கு மட்டும் அனுமதி தருவதே எளிய, பாதுகாப்பான வழியாகும்.