குற்றமும் மனமும் – 9: துப்புக்கூலி

குற்றவியலையும் உளவியலையும் ஒரே பட்டத்துக்காகச் சேர்த்துப் படிக்கும் மாணவர் இரண்டு விதமான கேள்விகளுக்குப் பழக வேண்டியிருக்கிறது. ஓர் ஊரில் திருட்டு ஏன் அதிகம், பக்கத்து ஊரில் ஏன் குறைவு, எந்தச் செயலை அரசு குற்றம் என்கிறது, சிறைக்குப் போய் வந்தவர் என்ன ஆகிறார் என்பவை குற்றவியலின் கேள்விகள். ஒரே வீட்டில் ஒரே வறுமையில் வளர்ந்த அண்ணன் தம்பியில் ஒருவர் மட்டும் ஏன் கத்தியை எடுத்தார், நேரில் பார்த்த சாட்சி ஏன் வேறு ஆளை அடையாளம் காட்டினார், பறிகொடுத்தவர் ஏன் புகார் கொடுக்கவில்லை என்பவை உளவியலின் கேள்விகள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் இணைத்து மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தருகின்றன. தமிழ்நாட்டில் இவை தனித்தனித் துறைகளாகவே வளர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943இல் ஜி.டி. போவாஸ் தலைமையில் தொடங்கியது. குற்றவியல் பின்னால் வந்து சேர்ந்தது. இந்தியக் குற்றவியல் கழகம் 1970இலும், பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஆராய்வதற்கான கழகம் 1992இலும் உருவாயின. சென்னைத் துறைக்குத் தலைமை வகித்த கே. சொக்கலிங்கம் பிறகு திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். குற்றவியலுக்கு அங்கும் ஒரு துறை உண்டு.

குற்றவாளி பிறவியிலேயே உருவாகிறார் என்ற லொம்ப்ரோசோவும் அவருடைய மண்டையோடுகளும் சென்ற வாரத்தோடு முடிந்தன. தாடை எலும்பை அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இந்த வாரத்துக்கு அறிவித்திருந்தது சாட்சியின் ஞாபகம். அதற்கு முன் ஒரு மாட்டின் கதை குறுக்கே வந்து நிற்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், டபிள்யூ. பிரான்சிஸ் என்ற அதிகாரி தொகுத்த மாவட்ட கெசட்டியர் 1906இல் வெளிவந்தது. அதில் துப்புக்கூலி என்ற வழக்கத்தைப் பற்றிய விவரம் இருக்கிறது. உழவு மாடு இரவில் காணாமல் போகும். சொந்தக்காரர் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. விவரம் தெரிந்த ஒரு நடுவாளைத் தேடிப் போவார். பேச்சு நடக்கும், தொகை முடிவாகும். சில சமயம் அது மாட்டின் விலையில் பாதி வரைகூடப் போகும். பணம் கை மாறிய பிறகு ஆளில்லாத ஓரிடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். மாட்டுக்காரர் தற்செயலாகக் கண்டுபிடித்தது போல ஓட்டிக்கொண்டு வருவார். திருடியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்த பணம் துப்புச் சொன்னதற்கான கூலி, அவ்வளவுதான்.

இந்த ஒரு வழக்கத்தில் குற்றவியல் பாடத்திட்டத்தின் பாதி அடங்கியிருக்கிறது. முதலாவது, கணக்கு. மாடு திருடு போனது, பணம் போனது, மாடு திரும்பியது. ஸ்டேஷன் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. பதிவாகாத குற்றங்களின் இருட்டுப் பகுதி என்று குற்றவியல் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். பதிவான குற்றம் உண்மையான குற்றத்தில் ஒரு பங்கு மட்டுமே என்ற எச்சரிக்கையை, பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் கெத்தலே 1830களிலேயே எழுதிவைத்தார். அதை அளக்க ஒரு முக்கிய வழி, வீடு வீடாகப் போய் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பது. பிரிட்டனில் அப்படிப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு 1982இல்தான் வந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் வெளிவரும் குற்ற அறிக்கை 1953ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. அதில் இருப்பது ஸ்டேஷனுக்கு வந்து பதிவானவை மட்டுமே. எண்ணிக்கை குறைந்த மாவட்டம் அமைதியான மாவட்டமாகவும் இருக்கலாம், புகார் எழுத மறுக்கும் ஸ்டேஷன்கள் நிறைந்த மாவட்டமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, காவல். தென் மாவட்டக் கிராமங்களில் அறுவடையின்போது தானியமாகக் கூலி வாங்கிக்கொண்டு ஊரையும் களத்தையும் மாட்டையும் காக்கும் காவல் முறை வெகுகாலம் இருந்தது. காவல்காரர் பொறுப்பில் பொருள் களவு போனால் அவரே ஈடு கொடுக்க வேண்டும். ஆங்கிலேய அரசு சம்பளப் போலீஸைக் கொண்டுவந்து இந்த முறையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. கூலியும் மதிப்பும் போன காவல்காரரை அதே அரசின் ஆவணங்கள் மிரட்டிப் பணம் பறிப்பவர் என்று எழுதின. காவல் கூலிக்கு எதிராக 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் ‘பண்டு’ என்ற பெயரில் பொதுப்பணம் திரட்டிச் சேர்ந்துகொண்டதும் நடந்தது. லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும்: செய்யத் துணிந்த ஆள், கைக்கு எட்டும் பொருள், காவல் இல்லாத நேரம். கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டியில் பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு ராக்காவல் போடுகிற எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்பாடு யோசிக்காத ஒன்று மதுரைச் சீமையில் நடந்தது. காப்பவரின் பிழைப்பைப் பறித்தால், காவல் இல்லாத நேரத்தோடு செய்யத் துணிந்த ஆளும் கூடுகிறார்.

மூன்றாவது, மாட்டுக்காரரின் மனம். இங்கே குற்றவியல் ஒதுங்கி உளவியலுக்கு வழிவிட வேண்டும். பாதி விலை கொடுத்து ஒருவர் தன் மாட்டையே ஏன் வாங்குகிறார்? அதே 1979இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பக்கத்தில் வருகிறது. நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வலி மனிதருக்குப் பெரிது என்பது அதன் சாரம். உழவு நேரத்தில் மாடு இல்லாமல் நிற்பவருக்கு நீதி தூரத்தில் இருக்கிறது, மாடு பக்கத்தில் இருக்கிறது. கேஸ் என்று போனால் கோர்ட்டுக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் ஓர் உழவு நாள். குற்றம் நடக்கும் சூழலை விளக்கும் கட்டுரையும் இழந்தவரின் கணக்கை விளக்கும் கட்டுரையும் ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரண்டு துறைகளில் வந்தன. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க ஒரு பட்டம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை.

கெசட்டியர் ஓர் அரசு அதிகாரியின் நூல் என்பதையும் மாணவர் மறக்கக் கூடாது. மாடு பறிகொடுத்தவரோ காவல்காரரோ அதை எழுதவில்லை. இத்தகைய பதிவுகள் குவிந்துதான் ஒரு சட்டம் இந்தப் பக்கத்துக்கு வந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் பட்டியலுக்குள் வந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். நிலம் வைத்து உழுதவரும் பெருவிரலை மையில் தோய்த்துக் கொடுக்க வேண்டும். ஊரை விட்டுப் போகச் சீட்டு வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும். உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இந்த மக்களுக்காக மதுரையில் வாதாடிய வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ரோசாப்பூ துரை. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

இந்தச் சட்டத்தின் புள்ளிவிவரத்தை ஆராயச் சொன்னால் குற்றவியல் மாணவர் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவில் ஆஜராகாததே குற்றம், சீட்டில்லாமல் சந்தைக்குப் போனதே குற்றம். ஆகவே சட்டம் வந்த பின் குற்ற எண்ணிக்கை ஏறும். ஏறிய எண்ணிக்கையைக் காட்டிச் சட்டம் தேவை என்று வாதிக்கலாம். ஒரு பையனைப் பிடித்துத் திருடன் என்று ஊரறியச் சொல்லிச் சொல்லியே திருடனாக்கும் வேலையை ஃபிராங்க் டானன்பாம் 1938இல் எழுதிக் காட்டினார். 1963இல் ஹோவர்ட் பெக்கர் அதை விரித்து, முத்திரை குத்துபவர்களையும் சேர்த்து ஆராய வேண்டும் என்றார். கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அந்த முத்திரையோடு வாழ்ந்தவர்கள் தங்கள் மனத்தையும் நிலத்தையும் எப்படிப் பண்படுத்திக்கொண்டார்கள் என்பது அவருடைய அக்கறை. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் உழவின் சொற்களையே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கிறார். குற்றவியல் துறைகளின் வாசிப்புப் பட்டியலில் இந்த நூலுக்கு இடம் கொடுத்தால் நல்லது.

பெருங்காமநல்லூர் சூட்டுக்குப் பிறகு அதே 1920இல் கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அதில் முளைத்த பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அரசு கள்ளர் பள்ளிகளாக இன்றும் நடக்கின்றன. குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்றால் பள்ளிக்கூடம் வீண்செலவு. பள்ளிக்கூடம் பயன் தரும் என்றால் ஒரு சமூகத்தையே மையில் தோய்த்ததற்கு நியாயம் இல்லை. ஓர் அரசு இந்த இரண்டு எதிரெதிர்க் கொள்கைகளையும் ஒரே அலுவலகத்திலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. குற்றம் கற்றுக்கொள்ளப்படுவது என்ற எட்வின் சதர்லாந்தின் கோட்பாடு 1939இல் வெளிவந்தபோது, அதன் நல்ல பாதி இங்கே ஏற்கெனவே கரும்பலகையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கு இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் பலரைத் தந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. அவர்களும் அன்றைய சட்டப்படி தண்டிக்கப்பட்ட குற்றவாளிகளே.

முத்திரையின் கேள்வி இன்றும் ஒரு மேசையில் நடக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 15ஆவது பிரிவு. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர் பதினாறு வயது நிறைந்து பதினெட்டு நிறையாதவராக இருந்தால், அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்பதை இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். செயலைச் செய்யும் உடல், மன ஆற்றல் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அவர்களில் எவரும் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவராக இல்லையென்றால் உளவியலாளரின் உதவியைப் பெற்றே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. உளவியல் மட்டும் படித்தவர் ஆற்றலையும் புரிதலையும் அளப்பார், சூழலில் தடுமாறுவார். குற்றவியல் மட்டும் படித்தவருக்கு அந்த வயதில் குற்றம் உச்சத்தில் இருந்து பிறகு தானாகவே இறங்கும் என்ற வரைபடம் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் அந்த வரைபடத்தில் எங்கே நிற்கிறான் என்று அவரால் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் பங்கேற்ற டெரி மாஃபிட், 1993இல் இரண்டையும் இணைத்தார். வளரிளம் பருவத்தோடு தவறுகளை விட்டுவிடும் பெருங்கூட்டம் ஒன்று, சிறு வயதிலிருந்தே தொடரும் சிறு குழு ஒன்று என்று பிரித்துக் காட்டினார். பெருங்கூட்டத்துப் பையனைச் சிறு குழுவோடு சேர்த்துச் சிறையில் அடைப்பது என்ன செய்யும் என்பதை டானன்பாம் முன்பே சொல்லிவிட்டார்.

படிப்பின் நடைமுறை சுருக்கமானது. தொடர் கொலைகாரர்களைப் பற்றிய வெப் சீரிஸ் பார்த்துவிட்டுச் சேர்பவர்களுக்கு முதல் ஏமாற்றம் புள்ளியியல். எல்லாப் பருவத்திலும் அது ஏதோ ஒரு பெயரில் வரும். கம்பம் பக்கத்திலிருந்து கிளம்பும் மாணவருக்கு எளிய வழி, இளநிலையில் உளவியல் படித்து, முதுநிலையில் சென்னையிலோ நெல்லையிலோ குற்றவியலுக்குப் போவது. குற்றவியலில் தொடங்கி உளவியலுக்கு வருபவருக்கு ஒரு தடை உண்டு. மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும், அதற்குரிய படிப்பில் சேர உளவியல் அடிப்படை வேண்டும். வேலை பெரும்பாலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நன்னடத்தை அலுவலகம், சிறை மனநலம், தடய அறிவியல் கூடம், போதை மீட்பு மையம் ஆகிய இடங்களில். கொலை நடந்த வீட்டுக்குள் நுழைந்து கொலைகாரனின் குணத்தைச் சொல்லும் வேலைக்கு இங்கே யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

சாட்சியின் ஞாபகத்துக்கு இந்த வாரமும் இடமில்லாமல் போனது. அடுத்த வாரம்: கார் மோதிய படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றிக் கேட்டு, இல்லாத கண்ணாடிச் சிதறலைப் பார்க்கவைத்த எலிசபெத் லாஃப்டஸின் 1974ஆம் ஆண்டுச் சோதனை, கூடவே, உண்மை அறியும் சோதனைகளைச் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்ற 2010ஆம் ஆண்டு செல்வி வழக்கின் தீர்ப்பு.