மலைச்சாலைக்கான தானுந்து மாற்றியமைப்பு

மலைச்சாலைக்கான தானுந்து மாற்றியமைப்பு என்பது ஒரு தானுந்தின் (மகிழுந்து, கார்) பிரேக், டயர், சஸ்பென்ஷன், பொறி முதலிய உறுப்புகளை, ஏற்ற இறக்கமும் கூரிய வளைவுகளும் நிறைந்த சாலைக்கு ஏற்றவாறு செப்பனிடுவதையும் மாற்றுவதையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இது ஆல்ட்ரேஷன் எனப்படுகிறது. பழைய வேகவகைத் தானுந்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் மாணவர்கள் பலர் முதலில் சைலன்சரையும் சக்கரத்தையும் மாற்றவே விரும்புகின்றனர். எதற்கு முதலில் பணம் செலவிட வேண்டும் என்பதை அறிய, நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைச் சாலை நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பழைய வேகவகைத் தானுந்துகள்

இந்தியாவில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வெளிவந்த மாருதி சென், ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி வீடெக், ஃபியட் பாலியோ 1.6 ஆகியவை இவ்வகையில் பரவலாக விரும்பப்படுபவை. இவற்றுள் ஐகான் 1999 இல் சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு டன் எடையும் 90 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றலும் கொண்டிருந்ததால் அன்றைய நிலையில் இது விரைவான ஊர்தியாகக் கருதப்பட்டது. வாங்கும் விலை குறைவு என்பதற்காக இவற்றைப் பராமரிக்கும் செலவும் குறைவு என எண்ணக்கூடாது. உதிரி உறுப்புகள் கிடைக்கின்றனவா என்று வாங்கும் முன்பே மெக்கானிக்கிடம் கேட்டறிவது நலம்.

கொல்லிமலைச் சாலையும் பிரேக்கும்

அடிவாரத்தில் உள்ள காரவள்ளியில் தொடங்கும் இச்சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சோளக்காட்டை அடைகிறது. ஏறும் உயரம் சுமார் 1000 மீட்டர். ஏறுவது பொறிக்குச் சோதனை என்றால், இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. இரண்டாவது சோதனையே கடுமையானது.

இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். நால்வர் அமர்ந்த 1300 கிலோகிராம் எடையுள்ள தானுந்து 1000 மீட்டர் கீழிறங்கும்போது ஏறத்தாழ 1.27 கோடி சூல் நிலையாற்றலை இழக்கிறது. இது சுமார் மூன்றரை யூனிட் மின்சாரத்திற்குச் சமம். 40 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதும். ஓட்டுநர் உயர் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக்கிலேயே சேரும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பொறியின் இழுவை கணிசமான பங்கை ஏற்றுக்கொள்ளும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் 140 பாகை. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகை ஆகும். பழைய ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். நீர்மம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ சுருங்கிவிடும். எனவே மிதிகட்டை தரைவரை சென்றும் வண்டி நிற்காது. பல ஆண்டுகள் ஓரிடத்தில் நின்ற தானுந்தை வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய வேலை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுவதே. அதன்பின் பேடுகள், பின்சக்கர டிரம், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இச்செலவு ஓர் அலாய் சக்கரத் தொகுதியின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

டயரும் சஸ்பென்ஷனும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உள்ளது. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும். ஈரமான வளைவில் அது பற்றாது.

தானுந்தைத் தாழ்த்துவதற்காகச் சுருள்வில்லை அறுக்கும் பழக்கம் உண்டு. சுருள்களின் எண்ணிக்கை குறைந்தால் வில்லின் விறைப்பு கூடும். ஆனால் அது அமுங்குவதற்கான இடம் குறைந்துவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய அளவிற்கே அமைக்கப்பட்டது. இதனால் மேடுபள்ளமான வளைவில் சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடும். பணம் சேமிக்கும் வழிகளில் மிக மோசமானது இதுவே. தேய்ந்த புஷ்களையும் கசியும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினாலே பழைய தானுந்து வியக்கத்தக்க அளவு மாறிவிடும்.

பொறி

சுமார் 1200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டர்போ இல்லாத பொறியின் ஆற்றல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மலிவான கூம்பு வடிவ வடிகட்டி பொறியறையின் சூடான காற்றை உறிஞ்சினால் இழப்பு இன்னும் கூடும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாகத் தானுந்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தேய்ந்த உறுப்பை அதே தரத்திலான புதிய உறுப்பால் மாற்றுவது பழுதுபார்ப்பே அன்றி மாற்றம் ஆகாது. மேலே கூறிய பிரேக், டயர் வேலைகள் இவ்வாறானவை.

பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025 இல் இது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாணவர் தம் வரவுசெலவுக் கணக்கில் இதை முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

வேகத்திற்கான இடம்

கொல்லிமலைச் சாலை பேருந்துகளும், விளைபொருள் ஏற்றிய வண்டிகளும், மலைவாழ் மக்களும் பயன்படுத்தும் பொதுவழி ஆகும். வேகத்தைச் சோதிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் தனிக் களங்கள் உள்ளன. மாருதி 800 இன் உறுப்புகளைக் கொண்டு மலிவான ஓரிருக்கைப் பந்தய ஊர்தியை உருவாக்கியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். ஃபார்முலா மாருதி எனப்பட்ட அவ்வகைப் பந்தயத்தில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995 இல் மறைந்த கரிவரதனின் பெயரால் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்துள்ளது.