ஜிலேபிக் கெண்டையும் உவர்நீரும்

வேதாரணியம், முத்துப்பேட்டைப் பக்கங்களிலுள்ள கடைமடைக் குளங்களில் ஜிலேபிக் கெண்டை புகுந்துவிட்டால், உவர்நீரை உள்ளே விட்டு அதனை அழித்துவிடலாமென்று மிராசுதாரர் எவரேனும் எண்ணுவாராயின், அஃது வீண் முயற்சியேயாம்.

ஆப்பிரிக்க நாட்டு மீனாகிய இது 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. நன்னீர், கடல்நீர் இரண்டிலும் வாழும் இதன் வல்லமை கருப் பருவத்திலேயே தொடங்குகின்றது. தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். செவுள் முற்றாத அக்காலத்தில், மஞ்சட்கருப் பையின் மேல்தோலிலுள்ள சில உயிரணுக்களே உடலின் உப்பளவைக் காப்பன. நன்னீரில் அவை உப்பை உள்ளிழுக்கும். கடல்நீரில் மிகுதியை வெளியேற்றும். நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாற்றிய கருக்களில், குளோரைடு வெளிச்செல்லும் மதகு போன்றதொரு புரதம் அவ்வுயிரணுக்களின் முகப்பில் தோன்றுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டனர். அம்மதகிற்குரிய மரபணு நன்னீர்க் குஞ்சிடத்தும் உண்டு. நீரின் தன்மைக்கேற்ப அது தொழிற்படுகின்றது. நீர்நிலை கண்டு மடை திறக்கும் நீர்க்கட்டியார் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

கட்லா, ரோகு முதலிய நன்னீர்க் கெண்டைகளோ கடல்நீரைத் தாங்கா. ஆதலின் உவர் விடுவதால் மடிவது வளர்ப்பு மீனே; ஜிலேபி தங்கிவிடும். அடிக்கடி குஞ்சு பொரித்து, குளம் நிறைந்து, உருவிற் சிறுத்தும் போகும்.

கோடையில் குளத்தை இறைத்துச் சேறு வெடிக்குமளவு காயவிட்டு, நீர் பாயும் மடையில் நெருங்கிய கண்ணுள்ள வலை கட்டிய பின்னரே குஞ்சு விடுதல் வேண்டும்.