கதிர்வீச்சைத் தாங்கும் தகவல் தொடர்புச் சில்லுகள்

துகள் முடுக்கியில் மோதல் நிகழும் இடத்தைச் சுற்றி உணர்கருவிகள் அமைந்திருக்கும். அவை அளந்ததை வெளியே அனுப்பும் மின்னணுச் சுற்றுகளும் மோதலில் எழும் கதிர்வீச்சுக்கு நடுவில்தான் இயங்கியாக வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் நிறுவனம் நடத்தும் 27 கி.மீ. சுற்றளவுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில் 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் எதிரெதிரே சந்திக்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகள் உணர்கருவியின் உட்பகுதியில் நீடிப்பதில்லை.

கதிர்வீச்சு மின்னணுக் கருவிகளை மூன்று வழிகளில் கெடுக்கிறது. முதலாவது, டிரான்சிஸ்டரின் ஆக்சைடு படலத்தில் மின்னூட்டம் சிறிது சிறிதாகச் சிக்கிச் சேர்வதால், அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிகிறது. இரண்டாவது, துகள்கள் மோதிப் படிகத்தின் அணுக்கள் இடம்பெயர்கின்றன. இதனால் செய்தியை ஒளியாக அனுப்பும் லேசரின் ஒளி குன்றுகிறது. மூன்றாவது, ஒரே ஒரு துகள் பாய்ந்த கணத்தில் நினைவகத்தின் பிட் ஒன்று 0-விலிருந்து 1-ஆகவோ, 1-லிருந்து 0-ஆகவோ புரண்டுவிடுகிறது.

இவற்றைச் சமாளிக்க செர்ன் உருவாக்கியதே ஜிபிடிஎக்ஸ் என்ற தகவல் தொடர்புச் சில்லு. 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்த இது 10 லட்சம் கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது. மனித உடல் முழுவதும் 5 கிரே அளவு ஒரே நேரத்தில் பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் உயிருக்கே ஆபத்து.

சில்லின் இந்தத் தாங்குதிறனுக்கு ஆக்சைடு படலத்தின் மெல்லிய தன்மை பெரிதும் உதவுகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள கேட் ஆக்சைடில் மின்னூட்டம் நெடுநேரம் தங்குவதில்லை. டிரான்சிஸ்டர்களைப் பிரிக்கும் ஓரத்து ஆக்சைடு தடிமனானது என்பதால் பாதிப்பு அங்கே தொடர்கிறது. மிகக் குறுகிய டிரான்சிஸ்டர்களை இந்த ஓரப் பாதிப்பு கடுமையாகத் தாக்கும். எனவே வடிவமைப்பாளர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள்.

பிட் புரள்வதற்கு வேறு மருந்து வேண்டும். முக்கியமான ஒவ்வொரு பதிவகமும் மூன்று பிரதிகளாக அமைக்கப்படுகிறது. ஒன்று மாறினாலும் மற்ற இரண்டின் விடையே செல்லும். ஒரே துகள் இரண்டைத் தாக்காதிருக்கப் பிரதிகளுக்கு இடையே இடைவெளி விடப்படுகிறது.

ஒளியிழை வழியே வரும் செய்தியிலும் பிழை நேரும். ஒளி உணரும் டயோடில் துகள் பாய்ந்தால் மின்துடிப்பு ஒன்று எழும். ஒளியே வராத வேளையிலும் வந்ததாகப் பதிவாகும். அதனால் ஜிபிடிஎக்ஸ், 25 நானோ விநாடிக்கு ஒரு சட்டகமாக 120 பிட்களை அனுப்புகிறது. தலைப்புக்கு 4, கட்டுப்பாட்டுக்கு 4, தகவலுக்கு 80 போக, மீதி 32 பிட்கள் பிழை திருத்தத்துக்கே. அடுத்தடுத்து 16 பிட்கள் வரை சிதைந்தாலும் மறுமுனையில் மீட்டுவிடலாம். மொத்த வேகம் விநாடிக்கு 4.8 கிகாபிட், பயன்படும் தகவல் 3.2 கிகாபிட். தலைப்பு, கட்டுப்பாடு, பிழை திருத்தம் ஆகியவற்றுக்காக வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது.

அடுத்த தலைமுறையான எல்பிஜிபிடி, 65 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் அமைந்தது. உணர்கருவியிலிருந்து வெளியே விநாடிக்கு 10.24 கிகாபிட் வரை அனுப்பும். உள்ளே வரும் கட்டளைகளை 2.56 கிகாபிட் வேகத்தில் பெறும். மோதல்களின் எண்ணிக்கையைப் பெருக்கும், மோதுவியின் உயர் ஒளிர்வு மேம்பாட்டுக்காக இது உருவாக்கப்பட்டது.

பொருத்துவதற்கு முன் எக்ஸ் கதிர்களால் மொத்தக் கதிர்வீச்சுத் தாங்குதிறனும், புரோட்டான், கன அயனிக் கற்றைகளால் பிட் புரளும் வீதமும் சோதிக்கப்படுகின்றன. சில்லு இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிழைகள் எண்ணப்படுகின்றன. உணர்கருவியின் உள்ளே பொருத்திய சில்லை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது என்பதால், இந்தச் சோதனைகளில் தேறியவையே அங்கே இடம்பெறுகின்றன.