நெடுவழி மோட்டார் சைக்கிளும் அதன் நடைத் திருத்தமும்

திருச்சிராப்பள்ளியினின்று கரூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, ஜீயபுரத்தின் மருங்கே காவிரியின் தென்கரையை ஒட்டிச் செல்வதாகும். விடுமுறை நாட்களில் முக்கொம்பு காணும் விருப்பால் மாணவர் பலர் அச்சாலையில் மோட்டார் சைக்கிள் ஊர்ந்து போகின்றனர். வளைவொன்றில் எதிரே பேருந்து தோன்றுங்கால், வண்டி ஊர்பவன் கருத்திற்கு இசைந்து திரும்புமா என்பது உயிரைப் பற்றிய வினாவாகும். ஆதலின், புதிய உறுப்புக்களைப் பொருத்தி வண்டியின் நடையைத் திருத்துமாறு எங்ஙனம் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

குரூஸர் எனப்படுவது நெடுந்தொலைவு களைப்பின்றிச் செல்லுதற்கென அமைந்த வண்டி. தாழ்ந்த இருக்கையும், முன்னே நீண்ட கால்மிதியும், சாய்ந்த முன் ஃபோர்க்கும் அதன் இலக்கணம். 1955-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் வழிவந்த ராயல் என்ஃபீல்டு, 2020-இல் வெளியிட்ட மீட்டியர் 350 இதற்குச் சான்றாகும். அதன் எடை 191 கிலோகிராம். சக்கரங்களின் இடைவெளி 1400 மில்லிமீட்டர். நீளமும் ஃபோர்க்கின் சாய்வும் நேர்ச்சாலையில் வண்டியை அசையாது செலுத்தும். அவையே வளைவில் அதனை மெல்லத் திரும்பச் செய்யும். குணமும் குற்றமும் ஒரே வேரிற் கிளைத்தன என்பதனை நாம் மறத்தலாகாது.

திருத்தம் டயரினின்று தொடங்குதல் வேண்டும். வண்டி முழுவதும் சாலையைத் தொடுவது இரண்டு உள்ளங்கையளவான ரப்பரினால் மட்டுமே. காற்று குறைந்த டயருடன் ஊரும் ஒருவன் விலையுயர்ந்த உறுப்புக்களை வாங்குதல், ஓட்டைக் குடத்திற்கு வண்ணம் தீட்டுதலை ஒக்கும். தேய்ந்ததை நீக்கி, ஈரச்சாலையிலும் பற்றும் நல்ல டயரை அதே அளவிற் பொருத்துக. அழகு கருதி மிக அகன்ற டயரை ஏற்றின், வண்டியைச் சாய்த்தற்கு முயற்சி மிகும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். மீட்டியரின் பின்புறச் சுருளை ஆறு படிகளில் முறுக்கலாம். இது சுருளின் வலிமையைப் பெருக்குவதன்று. பாரத்தால் தாழ்ந்த வண்டியை உயர்த்துவதேயாகும். இருவர் ஊருங்கால் இதனை மாற்றாது, வண்டி ஆடுகின்றதெனக் குறைகூறுவார் உளர். இதனாலும் குறை தீராதாயின், வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரையும், அழுந்த அழுந்த விறைக்கும் முன் ஃபோர்க் சுருளையும், தக்க தடிப்புள்ள எண்ணெயையும் இடலாம். பின்புறத்தைச் சிறிது உயர்த்தின் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து வண்டி விரைந்து திரும்பும். மிகையாக உயர்த்தின் நேர்ச்சாலையிலும் நிலைகொள்ளாது. ஆகவே ஒருகால் ஒன்றையே மாற்றி, ஊர்ந்து பார்த்துப் பின்னரே மற்றொன்றைத் தொடுதல் அறிவுடைமை.

கோன் செட் தேய்ந்திருப்பின் ஹேண்டில்பார் நேர்நிலையிற் சிக்கும். ஸ்விங் ஆர்ம் புஷ் தளர்ந்திருப்பின் பின்சக்கரம் வழிவிலகும். இக்குறைகளை எந்தப் புதிய சுருளும் மறைக்காது. உருக்குக் கம்பி பின்னிய பிரேக்குக் குழாய் பிடியைக் கைக்கு உறுதியாக்கும். எனினும் டயரின் பற்றுக்கு மேற்பட்ட ஆற்றலை அது தாராது.

சட்டத்தையும் நோக்குவாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று பதிவுச்சான்றின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019-இல் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. சக்கர அளவை மாற்றின், சக்கரச் சுழற்சியை அளந்து பிரேக்கை ஆளும் ஏ.பி.எஸ். கருவியும் பிழைபடக்கூடும்.

இறுதியாக ஒன்று. வேகம் 40-இலிருந்து 60 கிலோமீட்டராயின் வண்டியை நிறுத்துதற்குரிய பிரேக்குத் தொலைவு ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும். வளைவிற் டயர் தாங்கவேண்டிய விசையும் அவ்வாறே பெருகும். இக்கணக்கை எக்கடையில் வாங்கிய உறுப்பாலும் மாற்ற இயலாது. ஆதலின் பொருள் செலவிடுவோர் ஒளிவிடும் சைலன்சருக்கு முன் டயரையும், அதற்கு முன் காற்றின் அளவையும் நோக்குவாராக. வளைவிற்குள் நுழையுமுன் வேகத்தைத் தணிக்கும் கையே வண்டியின் முதன்மையான உறுப்பு என்பதனை நாம் உள்ளத்திற் கொள்வோமாக.