இல்லாத கட்டுரைக்கு ஒரு மேற்கோள்

ஆய்வேட்டின் கடைசி வாரங்களைப் பெரும்பாலும் துணைநூற்பட்டியல்தான் விழுங்கிவிடுகிறது. எங்கே காற்புள்ளி, எதற்குச் சாய்வெழுத்து, ஆண்டு முன்னாலா பின்னாலா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். ஓர் இதழுக்காகச் சரிசெய்ததை அடுத்த இதழ் வேறு முறையில் கேட்கும்.

இந்த வேலையை மென்பொருளிடம் தாராளமாக விட்டுவிடலாம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த ஸோட்டெரோ இலவசம். பிரவுசரில் கட்டுரையைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் விவரங்கள் பதிவாகும், கிடைத்தால் பி.டி.எஃப். கோப்பும் சேரும். வேர்டில் எழுதும்போது மேற்கோளைச் செருகிக்கொண்டே போனால் பட்டியல் தானே உருவாகிவிடும். ஏபிஏ மேற்கோள் முறையைச் சிகாகோ முறையாக்கச் சில நொடிகள் போதும். பின்னாளில் இதழால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் எச்சரிக்கையும் வரும். மெண்டலி என்ற மென்பொருளும் இவற்றில் பலவற்றைச் செய்யும். ஆனால் அது 2013 முதல் எல்செவியர் பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த நூலகத்தை ஸோட்டெரோ போன்ற மூலநிரல் திறந்த மென்பொருளில் வைப்பதையே நான் விரும்புவேன்.

தமிழ்ப் பெயர்களில் மட்டும் கவனம் தேவை. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வதே இந்த மென்பொருள்களின் வழக்கம். தந்தை பெயரைப் பின்னால் எழுதுபவரின் கட்டுரை தந்தை பெயரிலேயே பட்டியலில் ஏறிவிடும். ஸோட்டெரோவில் பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதி உண்டு. பதிவு சேர்ந்த அன்றே திருத்திவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவின் தவறு வேறு வகை. சாட்ஜிபிடி போன்றவை அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. அதனால் உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், பொருத்தமான தலைப்பு எல்லாம் கூடிவந்தும் அப்படியொரு கட்டுரையே இல்லாமல் போகலாம். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

இணையத்தில் தேடிப் பதில் தரும் கருவிகள் உண்மையான கட்டுரைகளையே காட்டினாலும், அவற்றில் இல்லாத கருத்தை ஏற்றிச் சொல்லிவிடுவதுண்டு. மேற்கோள் காட்டும் பக்கத்தை நீங்களே படித்தாக வேண்டும். கட்டுரைக்கு டிஓஐ எனும் அடையாள எண் இருந்தால் டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். திறப்பது அதே கட்டுரைதானா என்றும் பாருங்கள். அந்த எண் இல்லாத பழைய தமிழ் நூல்களைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றின் பட்டியலில் தேடலாம்.