எரிமலை அடியில் வாழும் மக்கள்

பிலிப்பைன்ஸ் ஒரு தீவு நாடு. அது நம் நாட்டுக்குக் கிழக்கே, கடல் கடந்து இருக்கிறது. அந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மிகப் பெரிய தீவின் பெயர் லூசோன். லூசோனின் தென்கிழக்கு முனையில் இருப்பதுதான் பிக்கோல் பகுதி. பக்கத்துத் தீவுகள் சிலவும் அதில் சேரும். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

அழகும் ஆபத்தும்

பிக்கோல் பகுதியில் மயோன் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் சுமார் 2,460 மீட்டர். குவித்து வைத்த நெல் அம்பாரம் போல அழகாக இருக்கும். பிக்கோல் மொழியில் 'மகயோன்' என்றால் 'அழகானது' என்று பொருள். அதிலிருந்துதான் மலைக்குப் பெயர் வந்தது என்கிறார்கள்.

1814 பிப்ரவரி 1ஆம் தேதி இந்த மலை வெடித்தது. சுமார் 1,200 பேர் இறந்தனர். காக்சாவா என்ற ஊர் புதைந்து போனது. அந்த ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது.

2006இல் ஆபத்து வேறு வழியில் வந்தது. மலை கக்கிய சாம்பலும் கல்லும் சரிவில் குவிந்து கிடந்தன. நவம்பர் 30ஆம் தேதி பெரும் புயல் அடித்தது. மழைநீர் அவற்றைச் சேறாக்கி ஊர்களுக்குள் தள்ளியது. புயலிலும் சேற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

பிறகு ஏன் அங்கே வாழ்கிறார்கள்?

காரணம் மண்தான். எரிமலைச் சாம்பல் நாளடைவில் வளமான மண்ணாகிறது. அதில் நெல்லும் தென்னையும் செழித்து வளர்கின்றன. அபாக்கா என்ற பயிரும் உண்டு. அது வாழை இனத்தைச் சேர்ந்தது. அதன் நார் உப்பு நீரில் எளிதில் மட்காது. அதனால் கப்பல் கயிறு திரிக்க உதவியது. மணிலா துறைமுகம் வழியாக ஏற்றுமதி ஆனதால் 'மணிலாக் கயிறு' என்று பெயர் வந்தது.

பேச்சும் உணவும்

பிக்கோல் மொழியில் நெல்லுக்குப் 'பரோய்' என்று பெயர். அரிசி 'பகாஸ்'. சோறு 'மலுதோ'. கோபமாகப் பேசுவதற்கென்றே சில தனிச் சொற்களும் உண்டு. கோபம் வந்தால் அரிசியை 'லஸ்காஸ்' என்பார்கள். நன்றி சொல்ல 'தியோஸ் மபாலோஸ்' என்பார்கள். 'கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும்' என்பது அதன் பொருள்.

தேங்காய்ப் பாலும் மிளகாயும் இல்லாமல் அவர்கள் சமையல் இல்லை. சேப்ப இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து உண்பார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். செப்டம்பரில் நாகா நகரில் மாதா திருவிழா நடக்கும். மாதா சிலை ஆற்றில் படகு ஊர்வலமாக வரும்.

உயிரைக் காப்பது எப்படி?

மலை உச்சியைச் சுற்றி 6 கிலோமீட்டர் தூரம் வரை ஆபத்துப் பகுதி. அங்கே குடியிருக்கக் கூடாது. ஆனால் வேறு நிலம் இல்லாத ஏழைகள் அங்கேயும் பயிர் செய்கிறார்கள். 1993இல் மலை திடீரென வெடித்தபோது 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் சரிவில் வேலை செய்த உழவர்கள்.

இப்போது அறிஞர்கள் கருவிகளால் மலையை இரவும் பகலும் கவனிக்கிறார்கள். மலையின் நிலையை எண்களால் அறிவிக்கிறார்கள். எண் கூடினால் ஆபத்தும் கூடுகிறது. 2023 ஜூனில் அப்படி எச்சரிக்கை வந்தது. சுமார் 20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். வீட்டையும் பயிரையும் விட்டுப் போவது எளிதல்ல. ஆனாலும் நேரத்தில் போனதால் உயிர் தப்பினார்கள்.

பேசிப் பாருங்கள்: உங்கள் ஊருக்குப் புயல் அல்லது வெள்ள எச்சரிக்கை வந்தால் எங்கே போவீர்கள்? முதலில் எதை எடுத்துக்கொள்வீர்கள்?